துறப்பணம் முதல் மின்துளைகருவி வரை

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடி வீட்டின் சுவரில் அப்பாவின் படத்தை மாட்டுவதற்காக, சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு துளை இட முற்பட்டேன். கடையில் வாங்கிய மின்துளைகருவி புத்தம் புதியது. விசையை அழுத்தியதும் அது உறுமிய உறுமலில் முழுச் சுவருமே பெயர்ந்து விழுந்துவிடுமோ என்று மனைவி அஞ்சினாள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் சுவரில் இருந்தது ஒரு சிறிய கறுத்த பள்ளம் மட்டுமே. கருவியின் முனையிலிருந்த அலகோ நீலம் பாரித்துப் புகைந்துகொண்டிருந்தது. கீழ்மாடியில் சீமெந்து வேலைக்கு வந்திருந்த மலையக இளைஞர் ஒருவர் சத்தம் கேட்டு மேலே வந்தார். அலகைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயா, இது இரும்புக்குப் போடுற பிற்றுங்க. கொங்கிறீற்றுக்கு வேற இருக்கு."

தம்முடைய பையிலிருந்து வேறோர் அலகை எடுத்து மாட்டினார். கருவியின் பக்கத்திலிருந்த சிறு ஆழியைச் சுத்தியல் படம் உள்ள பக்கத்துக்குத் திருப்பினார். அரை நிமிடத்தில் துளை முடிந்துவிட்டது. இரண்டு தடவை அலகை வெளியே இழுத்துத் தூளை வெளியேற்றியதையும் கவனித்தேன். கருவி அதே கருவி, சுவரும் அதே சுவர். வேறுபட்டது அறிவு ஒன்றுதான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. கலைமாணிப் பட்டத்துக்காக வரலாறு படித்தவன் நான். மன்னர்களின் ஆட்சியாண்டுகளை மனனம் செய்த எனக்கு, மனிதன் ஒரு துளை இடக் கற்றுக்கொண்ட வரலாறு தெரிந்திருக்கவில்லை. அதைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. அப்படத்தின் சட்டத்துக்கும் இவ்வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைப் பின்னர் கூறுகிறேன்.

பல்லும் மணியும் பாறையும்

துளையிடும் தொழில் உலோகத்தை விடப் பழையது. இன்றைய பாகிஸ்தானின் பலூசிஸ்தான் பகுதியில் உள்ள மெஹர்கார் என்னும் புதியகற்கால ஊரின் இடுகாட்டில், ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்களில் துளைகள் இடப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்து 2006ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவை 7500 முதல் 9000 ஆண்டுகள் வரை பழைமையானவை. உயிரோடிருந்த மனிதர்களின் வாயில் இடப்பட்ட துளைகள் அவை. துளையின் விளிம்புகள் அதன் பின்னரும் மென்றதால் தேய்ந்திருந்தன. தீக்கல் முனை பொருத்திய வில் துறப்பணத்தைக் கொண்டு அதே போன்ற துளையை ஒரு நிமிடத்துக்குள் இட முடியும் என்பதையும் அவ்வாய்வாளர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். மணி துளைக்கும் கைவினைஞரின் திறமையே பல்லுக்கும் பயன்பட்டிருக்கவேண்டும் என்பது அவர்களுடைய கருத்து.

அந்த மணித் தொழில் சிந்துவெளி நகரங்களில் உச்சத்தை அடைந்தது. சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் விரலளவு நீண்ட மணிகளைச் செய்து, அவற்றின் நடுவே நூல் கோக்கத் துளையிட்டார்கள். சூதுபவளம் இரும்பை விடக் கடினமானது. செம்பு முனை அதில் கீறலைக்கூட ஏற்படுத்தாது. அதற்கென அவர்கள் தனியான ஒரு கடுங்கல்லைத் தேர்ந்து, சூட்டில் பதப்படுத்தித் துளையலகு செய்தார்கள். சன்குதாரோவை அகழ்ந்த ஏர்னெஸ்ற் மக்கேயின் நினைவாக அக்கல்லுக்கு இன்று 'ஏர்னெஸ்ரைற்று' என்று பெயர். கராச்சிக்கு அண்மையிலுள்ள அல்லாதினோவில் கிடைத்ததைப் போன்ற, 36 நீள்மணிகள் கொண்ட ஓர் இடையணியைச் செய்துமுடிக்க 480 வேலைநாட்களுக்கு மேல் பிடித்திருக்கும் என்று தொல்லியலாளர் ஜொனதன் மார்க் கெனோயர் மதிப்பிட்டிருக்கிறார்.

எகிப்தியர் வேறொரு வழியைக் கண்டனர். கருங்கல்லைத் துளைக்க அவர்களிடம் இருந்தது செம்பு மட்டுமே. செம்பு மெதுமையானது. ஆனால் செம்பினாலான ஒரு குழாயைக் கல்லின் மீது நிறுத்தி, இடையில் மணலைத் தூவி, வில்லினால் சுழற்றினால் வெட்டுவது செம்பு அல்ல, மணல். செம்பின் மெதுமையே அங்கு உதவியாகிறது, மணற்பருக்கைகள் அதில் பதிந்து நின்று கல்லை அராவுகின்றன. பிளின்டர்ஸ் பெட்ரி 1880களின் தொடக்கத்தில் கீசாவில் இத்தகைய துளைகளையும் அவற்றிலிருந்து உடைத்தெடுத்த உருளைகளையும் அளந்து எழுதினார். எகிப்தியர் இதை எவ்வாறு செய்தனர் என்று நீண்ட காலம் வியப்புக் கதைகள் உலவின. டெனிஸ் ஸ்ரொக்ஸ் என்பவர் செம்புக் குழாயும் மணலும் கொண்டு கருங்கல்லைத் துளைத்துக் காட்டியதோடு, அக்கதைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. தேபசில் உள்ள ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில் தச்சரும் மணி செய்வோரும் வில்லினால் துளையிடும் காட்சி இன்றும் உள்ளது. இற்றைக்கு ஏறத்தாழ 3400 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓவியம் அது.

அரிப்பிலே ஒரு சிரட்டைத் தண்ணீர்

எங்கள் மண்ணிலும் இத்தொழில் நுட்பமாக வளர்ந்திருந்தது. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய மேனாட்டார் பலர். குளிப்புக் காலத்தில் அரிப்புக் கரையில் கூடிய பெருங்கூட்டத்தையும், சுறாவுக்கு மந்திரம் ஓதியவர்களையும் பற்றியே பெரும்பாலும் வியந்து எழுதினார்கள். 1803ஆம் ஆண்டு இலங்கை பற்றிய தமது நூலை வெளியிட்ட றொபேட் பேர்சிவல் என்ற ஆங்கிலேயப் படை அலுவலர், முத்துத் துளைப்போரையும் நின்று கவனித்திருக்கிறார்.

அவர் விவரிக்கும் கருவி மிக எளிமையானது. தலைகீழான கூம்பு வடிவில் ஒரு மரக்கட்டை, மூன்று கால்களில் நிற்கும். அதன் மேற்பரப்பில் உள்ள குழிகளில் பெரிய முத்துகளை வைப்பார்கள். சிறியவற்றை மரத்தோடு சேர்த்து மெல்லத் தட்டி இறுக்குவார்கள். முத்தின் அளவுக்கேற்ற கதிரை அதன் மீது நிறுத்தி, இடக்கையால் அதன் தலையை அமர்த்தி, வலக்கையால் வில்லை இழுத்துச் சுழற்றுவார்கள். அருகே ஒரு சிரட்டையில் தண்ணீர் இருக்கும். வில்லை இழுக்கும் அதே வலக்கையின் சின்னவிரலைத் தண்ணீரில் தோய்த்து, வேலை தடைப்படாமல் முத்தை நனைத்துக்கொண்டேயிருப்பார்கள்.

அந்தச் சின்னவிரலில் இருக்கிறது அறிவு. முத்து சுண்ணாம்புப் படைகளால் ஆனது. சூடேறினால் நிறம் கெட்டு, படை உரிந்துவிடும். ஒரு பருவகால உழைப்பின் பலன் ஒரு நொடியில் பாழாகும். இன்று குளியலறை மாபிள் தட்டில் துளையிடுபவர் அலகின் மீது தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அந்த முத்துத் தொழிலாளருள் ஒருவரின் பெயரைக்கூடப் பேர்சிவல் எழுதி வைக்கவில்லை.

முன்னும் பின்னும் சுழன்றது ஒருபக்கமே சுழன்றபோது

வில் துறப்பணத்துக்கு ஒரு குறை உண்டு. வில்லை முன்னே தள்ளும்போது ஒரு பக்கமும், பின்னே இழுக்கும்போது மறுபக்கமும் கதிர் சுழலும். ஆகவே அதன் அலகு இரு திசையிலும் சுரண்டும் தட்டையான முனையாகவே இருக்க முடியும். திருகு வடிவ அலகால் அதில் பயனில்லை. முன்னே சென்றபோது மேலே ஏற்றிய தூளைப் பின்னே வரும்போது அது மீண்டும் உள்ளே தள்ளிவிடும்.

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்குத் தீர்வு கிடைத்தது. வளைந்த கைபிடியைச் சுற்றச் சுற்ற ஒரே திசையில் சுழலும் துறப்பணம் அது. நியூயோர்க்கில் உள்ள மெரோட் பலிபீட ஓவியத்தில், பட்டறையில் அமர்ந்திருக்கும் சூசையப்பர் பலகையில் துளையிடுவது இத்தகைய கருவியால்தான். 1420களின் பிற்பகுதியிலோ 1430களின் தொடக்கத்திலோ வரையப்பட்டதாகக் கருதப்படும் ஓவியம் அது.

அடுத்த பெரும் பாய்ச்சல் அலகில் நிகழ்ந்தது. 1863ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்ரீவன் மோர்ஸ், இன்று நாம் எல்லோரும் அறிந்த முறுக்கு அலகுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் இரு பள்ளங்களும் அழகுக்கானவை அல்ல, வெட்டிய தூளை வெளியேற்றும் வாய்க்கால்கள். பின்னர் 1900ஆம் ஆண்டளவில் பிரெடரிக் ரெய்லரும் மோன்செல் வைற்றும் உருவாக்கிய அதிவேக உருக்கு வந்தது. சாதாரண உருக்கு சூடேறினால் தன் கடினத்தை இழந்துவிடும். இதுவோ மங்கிய செந்நிறமாகக் கனன்ற நிலையிலும் வெட்டியது. 1923இல் ஜேர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் தங்குதன் காபைட்டைக் கோபாற்றுடன் பிணைத்து ஒரு கடும்பொருளை ஆக்கினார். 'வைரம் போன்றது' என்னும் பொருள்பட அது 'விடியா' என்று விற்பனைக்கு வந்தது. அந்த இளைஞர் என் சுவரில் பாவித்த அலகின் நுனியில் பொருத்தப்பட்டிருந்த சிறு துண்டு அதுதான்.

அலகு இவ்வாறு வளர, சுழற்றும் ஆற்றலும் மாறியது. 1889இல் மெல்பேர்ணில் ஆதர் ஆர்னொற்றும் வில்லியம் பிளாஞ்ச் பிரெய்னும் பாறையையும் நிலக்கரியையும் துளைப்பதற்கான மின்துளைகருவிக்குக் காப்புரிமை பெற்றனர். 1895இல் ஸ்ருட்காட் நகரின் பைன் நிறுவனம் கையில் தூக்கக்கூடிய ஒன்றைச் செய்தது. அதன் எடை 7.5 கிலோ. 1910இல் பால்ற்றிமோரில் தொடங்கிய பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் கைத்துப்பாக்கியின் பிடியையும் விசையையும் கருவியோடு இணைத்து 1917இல் காப்புரிமை பெற்றது. ஒரே கையில் பிடித்து, அதே கையின் ஒரு விரலால் இயக்கி நிறுத்தலாம் என்ற அந்த எண்ணமே இக்கருவியைத் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 1946இல் வீட்டுப் பாவனைக்கென மலிவான துளைகருவிகளை அந்நிறுவனம் சந்தைக்கு விட்டது. 1961இல் வயரில்லாமல் மின்கலத்தில் இயங்குவது வந்தது.

சாக்கில் தொங்கிய கருவி

வரலாறு எப்போதும் முன்னோக்கியே செல்லும் என்று பாடநூல்கள் நம்மை நம்பவைக்கின்றன. எங்கள் ஊரில் அது பின்னோக்கி நடந்ததை நான் கண்டேன்.

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. சீமெந்து, இரும்பு, எரிபொருள், மின்கலம் யாவும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிள் ரைனமோவைக் கையால் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். எங்கள் ஊர் ஓடாவியார் 80களில் ஆசையோடு வாங்கிய மின்துளைகருவி, பட்டறை வளையில் ஒரு சாக்குப்பைக்குள் தொங்கியது. பரணிலிருந்து அவர் தமது தகப்பனாரின் துறப்பணத்தை இறக்கினார். முதிரைக் கதிர், பனைநார்க் கயிறு, தலைப்பிடிக்குச் சிரட்டை. ஏறக்குறைய ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில் உள்ள அதே கருவி.

1993இல் அப்பா காலமானார். அந்தியேட்டிக்குப் படம் வைக்கச் சட்டம் வேண்டும். ஆணிக்குத் தட்டுப்பாடு. எங்கள் வீட்டு உடைந்த அலுமாரியின் முதிரைப் பலகையை ஓடாவியாரிடம் கொண்டுசென்றேன். மூலைகளைப் பொருத்தி, துளையிட்டு, மர ஆணி இறுக்கித் தருவதாகச் சொன்னார். எனக்கு அவசரம், பத்திரிகைக் கந்தோருக்குப் போகவேண்டும். அவருக்கு உதவுவதாக எண்ணிச் சிரட்டையை நான் பலமாக அமர்த்தினேன்.

"தம்பி, அமத்தாதை. அது தன்ரை பாட்டிலை போகும். அமத்தினால் பின்பக்கம் சிலும்பும்."

பலகைக்குக் கீழே வேறொரு பழம்பலகையை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டித்தான் அவர் துளைத்தார். அலகு மறுபக்கம் வெளியேறும்போது நார் பிய்ந்துவராமல் கீழ்ப்பலகை தாங்கிக்கொள்ளும். எட்டுத் துளைக்கு ஒரு முற்பகல் முழுவதும் சென்றது. கூலி கேட்டபோது, "கொப்பற்றை படத்துக்குக் காசு வாங்கிறதே" என்று மறுத்துவிட்டார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அம்மா அந்தப் படத்தைச் சேலையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். செம்மணி வீதியில் மழையில் நனைந்து, சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் மாதக்கணக்கில் கிடந்து, பிறகு எத்தனையோ வீடுகள் மாறியது. கண்ணாடி உடைந்தது. சட்டத்தின் மூலை ஒன்றுகூட அசையவில்லை.

ஓடாவியாரை அதன் பின்னர் நான் காணவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது பட்டறை இருந்த இடத்தில் எருக்கலை நின்றது.

கருவி தராத அறிவு

மின்துளைகருவி நமக்கு ஆற்றலைத் தந்தது, பொருள்பற்றிய அறிவைத் தரவில்லை. அந்த அறிவை இன்றும் நாம்தான் கொண்டுசெல்லவேண்டும். அதைச் சுருக்கமாகவேனும் இங்கு பதிவது பயனுடையது என்று எண்ணுகிறேன்.

மரம் வேகத்தை விரும்பும். சிறிய அலகைக் கூடிய வேகத்திலும், அலகு பெருக்கப் பெருக்க வேகத்தைக் குறைத்தும் துளைக்கவேண்டும். பின்பக்கத்துக்குத் தாங்குபலகை வைக்கவேண்டும் என்பதை ஓடாவியார் சொல்லிவிட்டார். பாலை, முதிரை போன்ற வைரமரங்களில் அலகை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளை நீக்காவிட்டால் மரம் கருகும்.

இரும்பு பொறுமையை விரும்பும். முதலில் குத்தூசியால் ஒரு புள்ளிக்குழி இடவேண்டும், இல்லையேல் அலகு வழுக்கி ஓடும். வேகத்தைக் குறைத்து, துளி எண்ணெய் விட்டு, உறுதியாக அமர்த்தவேண்டும். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் வேலை சரி, தூளாக வந்தால் அலகு மழுங்கிவிட்டது. துருப்பிடிக்கா உருக்கு இன்னும் பொல்லாதது. அலகு வெட்டாமல் வெறுமனே உராய்ந்தால், உராய்ந்த இடமே இறுகி முன்னையிலும் கடினமாகிவிடும். வார்ப்பிரும்புக்கு மாத்திரம் எண்ணெய் வேண்டாம்.

கொங்கிறீற்றையும் கல்லையும் வெட்ட முடியாது, நொறுக்கவே முடியும். அதனாற்றான் சுழற்சியோடு சுத்தியல் அடியும் தேவைப்படுகிறது. ஆனால் அதே சுத்தியல் அடி மாபிள் தட்டையும் கண்ணாடியையும் வெடிக்கச் செய்யும். அவற்றுக்கு வைரத்தூள் அலகு, குறைந்த வேகம், தண்ணீர், மேலே ஒட்டுநாடாத் துண்டு ஒன்று. அரிப்பு முத்துத் தொழிலாளரின் முறைதான். சுவரைத் துளைக்குமுன் உள்ளே மின்கம்பி செல்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆளிக்கும் மின்குதைக்கும் நேர் மேலும் கீழும் துளைக்காதிருப்பது உயிருக்கு நல்லது. கண்ணுக்குக் காப்பும் மூக்குக்கு நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசமும் வேண்டும். கொங்கிறீற்றுத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

துளையிட்டால் மட்டும் போதாது, அதில் ஆணி நிற்கவும் வேண்டும். 1910ஆம் ஆண்டளவில் பிரித்தானிய நூதனசாலையின் சுவர்களைச் சேதப்படுத்தாமல் மின்பொருத்துகளை மாட்ட வழிதேடிய ஜோன் ஜோசப் றோலிங்ஸ், சணல்நாரினால் ஒரு சிறு செருகுகட்டையைச் செய்தார். பிளாஸ்ரிக்கில் வரும் இன்றைய கட்டையையும் நம்மவர் 'றோல் பிளக்' என்று அவருடைய பெயராலேயே அழைக்கின்றனர்.

அறியாத பொருளைத் துளைப்பது எவருக்கும் கடினமே என்பதற்குச் சந்திரனே சாட்சி. 1971இல் அப்பலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்கொட் வெப்பமானிகளைப் புதைப்பதற்காக மின்கலத் துளைகருவியால் 3 மீற்றர் ஆழத்துக்குத் துளைக்க முயன்றார். முதல் துளை ஏறத்தாழ 1.6 மீற்றரோடு நின்றது, இரண்டாவது அதற்கும் குறைவு. சந்திர மண் அவர்கள் எண்ணியதை விட இறுகியிருந்தது. குழாய்களின் மூட்டுகளில் திருகுப் பள்ளம் தொடர்ச்சியாக இல்லாததால் தூள் மேலே வரமுடியாமல் அடைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அப்பலோ 16இல் அப்பள்ளம் திருத்தியமைக்கப்பட்டு, துளை இலகுவாக இறங்கியது. மலையக இளைஞர் என் சுவரிலிருந்து இரு தடவை அலகை வெளியே இழுத்ததும் இதற்காகத்தானே.

படம் இப்போது சுவரில் இருக்கிறது. வெள்ளி தோறும் மனைவி அதற்குப் பூ வைக்கிறாள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு அதில் தெரிவது தாங்கள் காணாத அப்பப்பாவின் முகம். நான் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் என் விரல் மூலைகளில் இருக்கும் எட்டு மர ஆணிகளையும் ஒருமுறை தடவிப் பார்க்கும். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்த மகன் அதைக் கண்டு, "இதென்னப்பா, ஆணியே இல்லாமல் நிக்குது?" என்று கேட்டான். அவனை அருகே இருத்தி, ஓடாவியாரின் கதையைச் சொன்னேன்.